ஒரே பயணமாக

என் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. வரட்டும், பரவாயில்லை. அவர் மேல் ஒரு தடவைகூடக் கோபப்படாதவர்கள் அவரோடு சரியாகப் பழகவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் பம்பு செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் அவருக்கு வேலை. பம்புகள் கப்பல் ஏறி எங்கெங்கோ போகும். போன இடத்தில் மக்கர் செய்யும். அதைச் சரிசெய்ய இன்ஜினீயர்களும் மெக்கானிக்குகளும் விமானம் ஏறிப் போவார்கள். அவர்களுக்கு டிக்கெட் எடுத்துக்கொடுக்கிற மேஜை அண்ணனுடையது. ஜன்னல் சீட்டா, ஓர சீட்டா, எந்த ஊரில் இறங்கி மாற வேண்டும், இதுதான் பாதி வாழ்க்கைக்கு அவருக்கு உலகமாக இருந்தது. பிறகு, கம்பெனிகள் தங்களால் காற்றில் எவ்வளவு கரியமில வாயு சேர்கிறது என்று வருஷா வருஷம் வெளியில் சொல்லியாக வேண்டும் என்று ஆயிற்று. உலைகளின் கணக்கை ஒருத்தர் எடுத்துக்கொண்டார், மின்சாரத்தை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டார். விமானப் பயணத்தை யார் தலையில் கட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். டிக்கெட்டெல்லாம் இவரிடம்தானே இருக்கிறது, இவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். பதவியின் பெயர் மட்டும் நீளமாக மாறியது. நாற்காலி அதேதான். மூன்றாம் மாடியில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து அறை, மெஷின் ஓடினால் மேஜையில் டீ கிளாஸ் ஆடும்.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் பைத்தியமே பிடித்துவிட்டது.

ஒருத்தர் இங்கிருந்து அங்கே பறந்தால் அவர் பங்குக்கு எவ்வளவு வாயு? கேட்கச் சின்னக் கேள்வி. அண்ணன் வாயைத் திறந்தால் அது சின்னதாக இருக்காது. முதலில் தூரம். தாளில் கோடு போட்ட தூரம் இல்லை, பூமி உருண்டையின் மேல் வளைந்து போகிற தூரம். இறங்க இடம் கிடைக்காமல் ஊரைச் சுற்றுவதற்கும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு அந்த ரக விமானம் எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று பார்க்க வேண்டும். அதில் அடிவயிற்றில் போகிற சரக்கின் பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஆட்களுக்குப் பிரிக்க வேண்டும். காலியாகப் போகிற சீட்டின் பங்கும் உட்கார்ந்திருப்பவர்கள் தலையில்தான் விழும். அகல சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போகிறவருக்குப் பங்கு அதிகம்.

“எங்க ஜெனரல் மேனேஜர் தூங்கிட்டுப் போற இடத்துல மூணு மெக்கானிக்கை உக்கார வைக்கலாம் பாப்பா,” என்பார். எனக்கு ஐம்பது வயது. மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

விமானம் வானத்தில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகிறதே, அதுவும் பூமியைச் சூடாக்குமாம். எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. அண்ணன் அதைச் சேர்த்து ஒரு எண்ணும் சேர்க்காமல் ஒரு எண்ணும் எழுதிக் கொடுப்பார். மேலிடம் எப்போதும் சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். அவரும் அடுத்த வருஷம் சளைக்காமல் இரண்டையும் எழுதுவார்.

விமானம் மேலே ஏறும்போதுதான் பேய் மாதிரி எரிபொருளைக் குடிக்கும் என்பது அவருடைய முக்கியப் பாடம். அதனால் மாறி மாறிப் போகாதே, நேராகப் போ. போகிற போக்கில் நாலு வேலையையும் முடித்துக்கொண்டு வா. இரண்டு தடவை போவதற்குப் பதில் ஒரே பயணமாகப் போய் அதிக நாள் தங்கு. இதை அவர் சொல்லாத ஆள் இல்லை. அதிகாரிகள் பதிலுக்கு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: “நான் ஏறலைன்னா விமானம் நிக்கவா போகுது? அது எப்படியும் போகத்தானே போகுது?” கேட்டுக் கேட்டுப் புளித்த கேள்வி. அண்ணனுக்கும் பதில் மனப்பாடம். “நிக்காது சார். ஆனா சீட்டு நிறைய நிறையத்தான் இன்னொரு விமானம் விடறாங்க. எப்படியும் போகுதுன்னு எல்லாரும் ஏறுறதாலதான் அது போகுது.” முகத்துக்கு நேரே தலையாட்டுவார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் ‘டன் சார் கிளாஸ் எடுத்துட்டார்’ என்று சிரிப்பார்கள். டன் கணக்கிலேயே பேசுவதால் அந்தப் பெயர். அவருக்கும் அது தெரியும். அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வைத்துக்கொண்டார்.

அண்ணி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் டீச்சர். எதையும் மூன்றடி உயரத்துக்குக் குனிந்து சொல்லத் தெரிந்தவள். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் வாயு வரும் என்பதை ஆபீஸில் ஒருத்தரும் நம்பவில்லை, கணக்கில் தப்பு என்றார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து புலம்பினார். அண்ணி சப்பாத்திக்கட்டையைக் கீழே வைக்காமலே, “மாவு பிசையறப்போ தண்ணி சேர்ந்து எடை கூடலையா? அது மாதிரி எரியறப்போ காத்து சேர்ந்துக்குது. இதுல என்ன இருக்கு?” என்றாள். அண்ணன் மறுநாள் கூட்டத்தில் அப்படியே சொல்லிக் கைத்தட்டு வாங்கிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் முழுக்க அவள் பின்னாலேயே திரிந்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. பார்க்கிற எனக்குச் சில சமயம் வயிற்றெரிச்சலாகக்கூட இருக்கும்.

அண்ணன் பேச்சை உண்மையாகக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் அவர் பெண். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். படிக்க வெளிநாடு போனாள். அங்கேயே மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அங்கேயே கல்யாணம். முதல் தடவை லீவில் வந்தபோது, பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே அண்ணன், “வாம்மா, ரெண்டு டன்னோட வந்து இறங்கியிருக்க,” என்றார். அது அவருடைய கொஞ்சல். மற்ற அப்பாக்கள் இளைத்துவிட்டாயே என்பார்கள், இவர் டன் சொல்வார். சிட்டு சிரிக்கவில்லை. யோசித்தாள். திரும்பிப் போகும்போது, “இனிமே மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான்ப்பா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பால்காரரிடம் சொன்னார், லிஃப்டில் வந்தவரிடம் சொன்னார். “பேரு சிட்டு. பறக்க மட்டும் மாட்டா. நல்லா வளர்த்தீங்க அண்ணா,” என்று நான் குத்திக் காட்டினேன். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்டு போனில் முகம் காட்டுவாள். அண்ணி போனை மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு பேசுவாள். பேசி முடித்துத் திரை இருண்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள். மூன்று வருஷம் என்றது நாலாகியும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த நாலாவது வருஷத்தில்தான் அண்ணிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பயப்பட ஒன்றும் இல்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவும் பெண்ணும் பேசினார்கள். அண்ணி நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில்.

“இப்ப வந்தா எனக்குப் பத்து நாள்தான் லீவு கிடைக்கும்ப்பா,” என்றாள் சிட்டு. “அம்மா ஆஸ்பத்திரியிலயே இருப்பாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்ததும் திரும்ப ஒரு தடவை வரணும்.”

“அதான். ரெண்டு தடவை எதுக்கு?” என்றார் அண்ணன்.

“ஆபரேஷன் முடிஞ்சு அம்மா எழுந்து நடக்க ஆரம்பிக்கட்டும். இருக்கற லீவை எல்லாம் சேத்து வச்சு ஒரே பயணமா வந்து நாலு மாசம் இருந்துடறேன். என்னம்மா சொல்ற?”

“நாலு மாசமா?” என்றாள் அண்ணி. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அது பொய்யில்லை, நான் பார்த்தேன். நாலு மாசம் பெண் கூட இருப்பாள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அண்ணன் முகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊருக்கெல்லாம் ஓதினதை ஒருத்தி கேட்டுவிட்டாள், அதுவும் தன் பெண். இரண்டு பேரும் தேதி பார்த்தார்கள், எந்த விமானம் நேராக வருகிறது என்று பார்த்தார்கள், புது ரகம் எது, குறைவாகக் குடிப்பது எது என்று பேசினார்கள். அவர்கள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அண்ணிக்குச் சர்க்கரை அதிகம். அது இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும் என்று முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்த ஒரு அம்மா, எந்நேரமும் நம் பேச்சில் ஒரு காதை வைத்திருப்பார். ஆபரேஷனுக்கு இன்னும் நாலஞ்சு நாள் இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து என் பங்குக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன், அண்ணிக்குத்தான் கொடுக்கக் கூடாதே. அண்ணன் ஜன்னலோரம் நின்று ஆபீஸ் வேலையை மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, சிட்டுவை இப்பவே வரச் சொன்னா என்ன?” என்றாள் அண்ணி.

“இப்ப எதுக்கு? ஒரு மாசம் போனா தானா வர்றா.”

“இல்ல. அவ மூஞ்சியை ஒரு தடவை நேர்ல பாத்துட்டு உள்ள போனா நல்லாருக்கும்னு தோணுச்சு.”

“காலையிலதானே போன்ல பாத்த?”

அண்ணி போர்வையை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு பிள்ளைகளைச் சிரிக்க வைக்கப் போகும்போது வைத்துக்கொள்கிற முகத்தை வைத்துக்கொண்டு, “அந்த விமானம் எப்படியும் இங்க வரத்தானே போகுது? நம்ம பொண்ணு அதுல ஒரு ஓரமா உக்காந்து வந்துட்டுப் போகட்டுமே,” என்றாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “நீயுமா?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெனரல் மேனேஜருக்குச் சொல்கிற பதிலை ஒரு வார்த்தை மாறாமல் அவளுக்கும் சொன்னார். சீட்டு நிறைய நிறைய இன்னொரு விமானம், எல்லாரும் ஏறுவதால்தான் அது போகிறது, எல்லாவற்றையும். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். அண்ணியும் சிரித்தாள்.

“சரிங்க,” என்றாள். “ஒரு மாசம்தானே.”

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. டாக்டர் வெளியே வந்து கட்டி மொத்தமாக வந்துவிட்டது என்று சொன்னார். அண்ணன் படிக்கட்டில் நின்று சிட்டுவுக்குப் போன் போட்டு, டிக்கெட் தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ள முடியுமா என்றுகூடக் கேட்டார். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணம் என்றார்கள். அப்புறம் நர்ஸ் என் கையில் ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்தாள். மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு எந்த மருந்தை எப்போது எழுதுவார்கள் என்று தெரியும். வேறு எதற்கும் கேட்காத கிருமிக்குக் கடைசியாக எழுதுகிற ஊசி அது. அங்கேயே நின்று சிட்டுவைக் கூப்பிட்டு, “கிளம்பி வாடி. எதுல இடம் கெடைக்குதோ அதுல ஏறு,” என்றேன்.

நேர் விமானத்தில் இடம் இல்லை. மூன்று விமானம் மாறி வரும்படி ஆயிற்று. இரண்டாவது ஊரில் புயல் என்று எல்லா விமானத்தையும் நிறுத்திவிட்டார்கள். பேர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒரு ஊரின் விமான நிலையத்தில், இரும்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தபோது இங்கே அண்ணி போய்விட்டாள். போனில் சொன்னது நான்தான். அந்தப் பக்கம் அறிவிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம், “முகம் பாக்கணும் அத்தை. அதுவரைக்கும் வச்சிருங்க,” என்றாள். வைத்திருந்தோம். வந்து பார்த்தாள்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்து போன பிறகு ஒரு காலையில் மூன்று பேரும் சமையலறையில் இருந்தோம். சிட்டு டீ போட்டாள். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை, நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, “அம்மா என்னைக் கேட்டாங்களா?” என்றாள்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். மயக்கத்திலேயே இருந்தாள், யாரையும் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். பொய்தான். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார்.

“கேட்டா. ஆபரேஷனுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி. சிட்டுவை இப்பவே வரச் சொல்லுங்கன்னா. நான்தான் வேணாம்னேன்.”

சிட்டு அடுப்பை அணைத்தாள். “எப்படிக் கேட்டாங்க?”

அண்ணன் அண்ணி சொன்னதை அப்படியே சொன்னார். விமானம் எப்படியும் வரத்தானே போகுது, நம்ம பொண்ணு ஒரு ஓரமா உக்காந்து வந்துட்டுப் போகட்டுமே. சிட்டுவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அம்மா அதை எந்த முகத்தோடு சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் அழுதாள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. எழுந்து வர அவருக்குத் தைரியம் இல்லை.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கடைசியில் கேட்டாள்.

“ஆபீஸ்ல சொல்றதைத்தான் சொன்னேன்.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எங்கிட்ட கேட்டிருந்தா நானும் அதையேதான்ப்பா சொல்லியிருப்பேன்,” என்றாள். டீயை மூன்று கிளாஸில் ஊற்றி எங்கள் முன்னால் வைத்தாள்.

அவள் ஆறுதலுக்குச் சொன்னாளா, உண்மையைச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். அவள் குளிக்கப் போன பிறகு அண்ணன், “என்னைத் திட்டியிருந்தா தேவலை பாப்பா. தன்னையும் சேத்துக்கிட்டா பாரு,” என்றார். எனக்கு அவரைத் திட்ட ஆசையாகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை.

நாலு மாச லீவை அவள் எடுக்கவில்லை. அம்மா இல்லாத வீட்டில் நாலு மாசம் எதற்கு? இரண்டு வாரத்தில் கிளம்பிவிட்டாள். இனி எப்போது வருவாள் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்க எங்களுக்கு வாயும் இல்லை. இனி வரவே மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

வந்தாள். வருஷம் திரும்புவதற்குள் வந்தாள். ஒரு கல்யாணம் இல்லை, காரியம் இல்லை, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். எதற்கு வந்தாய் என்றால் “சும்மா” என்றாள். அப்புறம் மறுபடியும் வந்தாள். இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறாள். வந்தால் அண்ணனோடு காய்கறி வாங்கப் போவாள், சோபாவில் படுத்துத் தூங்குவாள், என் கடைக்கு வந்து முட்டிக்குத் தைலம் தடவிவிடுவாள். முக்கியமாக ஒன்றும் பேசுவதில்லை. அண்ணன் அதே மூன்றாம் மாடி அறையில் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எண்களில் நம்பிக்கை போய்விட்டதா என்று ஒருநாள் வாயைக் கிளறினேன். “எண்ணுல தப்பே இல்ல பாப்பா,” என்றார்.

போன தடவை அவளைக் கூப்பிட நானும் விமான நிலையத்துக்குப் போனேன். விமானம் இறங்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஆனால் அண்ணன் காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றுவிட்டார். நல்ல வெயில். வருகை வாசல் கம்பிக்குப் பக்கத்தில் எங்களைத் தவிர இரண்டு டாக்ஸி டிரைவர்கள் மட்டும்தான். எனக்கு முட்டி வலி உயிரை வாங்கியது.

“இவ்வளவு சீக்கிரம் இழுத்துட்டு வந்து நிக்க வச்சா என்ன அர்த்தம்? அவ என்ன ஓடியா போயிடப்போறா?” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கம்பியில் கையை வைத்துக்கொண்டு மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிக்கெட் போட்டுட்டேன்ப்பான்னு அவ சொல்றா பாரு, அன்னையிலேர்ந்தே எனக்கு சந்தோஷமா இருக்கு பாப்பா,” என்றார். “தூங்கி எழுந்தா சந்தோஷம். பல்லு வெளக்கறப்போ சந்தோஷம். பொண்ணு வர்றா, பொண்ணு வர்றான்னு. அதுதான் தாங்க முடியல. பாத்துட்டு உள்ள போறதுகூட இல்ல, வர்றான்னு தெரிஞ்சுக்கிட்டுப் படுத்திருக்கறது இருக்குல்ல? ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த நாலஞ்சு நாளைத்தான் உங்கண்ணி எங்கிட்ட கேட்டிருக்கா.”